காலி ஜாடியும் பதினொரு மூச்சும்

யோங்சான்போ
செப்டம்பர் 4

தேஜோன் ஆராய்ச்சிக்கூடத்து டாக்டரம்மா ஹான் சூரியோன் அவர்களுக்கு,

உங்கள் பதிவுத் தபால் வந்து சேர்ந்தது. எங்கள் தெருவுக்குள் நுழையும்போது தபால்காரர் மூச்சை அடக்கிக்கொண்டுதான் ஓடி வருவார். உங்கள் உறையை விட்டெறிந்துவிட்டு அப்படியே ஓடிவிட்டார். படித்து முடித்ததும் நானும் அதை விட்டெறிந்தேன். பிறகு பொறுக்கித் துடைத்து என் வீட்டுக்காரர் சாங்தேக்கு வாசித்துக் காட்டினேன்.

யோங்சான்போக்காரர்கள் பதினொரு பேரும் உங்கள் சோதனையிலிருந்து நீக்கப்பட்டார்களாம். தின்னக்கூடாது என்று நீங்கள் எழுதி வாங்கிய புளித்த திருக்கை மீனை ஒளிந்து ஒளிந்து தின்றதால், எங்கள் மூச்சில் அமோனியா ஏறி, உங்கள் எண்களைக் கெடுத்துவிட்டோமாம். கொடுத்த பிளாஸ்திரிகளை இரண்டு வாரத்துக்குள் எண்ணித் திருப்பி அனுப்ப வேண்டுமாம்.

அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "நாலு வருஷமா ஒரு துண்டு நாக்குல வெக்கல. வாசம் மட்டும் புடிச்சுக்கிட்டு கெடக்கேன். இப்போ திருடன்னு பேரு வேறயா?" என்றார். அவர் சொல்வது உண்மை. அவர் பங்கையும் சேர்த்து நான்தான் தின்கிறேன். வேண்டுமானால் என் இடுப்பை அளந்து பாருங்கள்.

டாக்டரம்மா, நீங்கள் நண்டு ஓட்டிலிருந்து எடுத்த பசையில் ஏதோ மெல்லிய தாள் செய்து, மூக்குக்குக் கீழே மீசை மாதிரி ஒட்டச் சொன்னீர்கள். சிறுநீரகம் கெட்டவர்களின் ரத்தத்தில் கழிவு ஏறினால் மூச்சிலும் ஏறும், மீசை அதைக் கண்டுபிடிக்கும், அதோடு இணைத்த பொத்தானில் எண் தெரியும், அளவு மீறினால் சிவப்பு விளக்கு எரியும் என்றீர்கள். எரிந்தால் முறை நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைகூட ஆஸ்பத்திரியில் ஒரு படுக்கை எடுத்து வைத்திருப்பார்கள் என்றீர்கள். அந்தப் படுக்கைக்காகத்தான் என் வீட்டுக்காரர் இந்த வயதில் மீசை வைத்துக்கொண்டார். போன ஜனவரியில் இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே இருந்த சனி, ஞாயிறில் அவர் சமையலறையில் விழுந்ததை நான்தான் பார்த்தேன். நீங்கள் பார்க்கவில்லை.

பிளாஸ்திரி திரும்பி வராது. நாங்களும் நீங்க மாட்டோம்.

கைப்பேசியில் பேசலாமே என்பீர்கள். முப்பது வருடம் திருக்கை உரித்து என் விரல் ரேகை தேய்ந்துபோயிற்று. கண்ணாடியைத் தொட்டால் பிணம் தொட்டதாக நினைத்து அது அசையாது. ஆறாம் வகுப்புப் படித்த கை. பேனா மட்டும்தான் அடையாளம் கண்டுகொள்கிறது.

ப்யோ மல்சுன்
(நீக்கப்பட்டவரின் மனைவி)


தேஜோன்
செப்டம்பர் 9

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. யாரையும் திருடர் என்று நாங்கள் சொல்லவில்லை. சொன்னதாகத் தோன்றியிருந்தால் வருந்துகிறேன்.

சோதனையில் அறுபத்து நான்கு பேர் இருக்கிறார்கள். ஐம்பத்து மூன்று பேருக்கு டயாலிசிஸ் முடிந்ததும் எண் இறங்குகிறது, அடுத்த முறை நெருங்க நெருங்க ஏறுகிறது. உங்கள் ஊர்க்காரர்கள் பதினொருவருக்கு மட்டும் டயாலிசிஸ் முடித்து வீட்டுக்கு வந்த ஒரு மணி நேரத்திலேயே சிவப்பு விளக்கு எரிகிறது. திருக்கையின் சதையில் யூரியா அதிகம். புளிக்கும்போது அதுதான் அமோனியாவாக மாறுகிறது. உணவைத் தவிர வேறு காரணம் எங்களுக்குத் தெரியவில்லை. விதிமுறையில் ஏழாவது பிரிவு தெளிவாக இருக்கிறது.

இது நான் தனியாக எடுத்த முடிவு அல்ல. அக்டோபர் 30 அன்று மதிப்பீட்டுக் குழு கூடும்போது நீக்கம் உறுதிசெய்யப்படும். அதற்கு முன் உணரிப் படலங்கள் அனைத்தும், பயன்படுத்தியவை உட்பட, கணக்குக்கு வர வேண்டும். தயவுசெய்து அனுப்பி வையுங்கள்.

உங்கள் கணவர் நலமாக இருக்கிறார் என்று நம்புகிறேன்.

ஹான் சூரியோன்


யோங்சான்போ
செப்டம்பர் 13

ஊசி போடாத டாக்டரம்மாவுக்கு,

முதலில் ஒன்று. நான் உங்களைப் பெறவில்லை. ஐம்பத்தாறு வயதில் முப்பத்தெட்டு வயது மகளைத் தலையில் கட்டாதீர்கள். அக்கா என்று எழுதுங்கள், மனம் குளிரும்.

பயன்படுத்திய மீசைகள் கேட்டீர்கள். உங்கள் கையேட்டில் பன்னிரண்டாம் பக்கத்தில், பயன்படுத்தியதை மண்ணில் புதைக்கலாம், நாற்பது நாளில் மக்கிவிடும் என்று நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள். பதினொரு வீட்டு மீசைகளையும் வாங்கி எங்கள் முள்ளங்கிப் பாத்தியில் புதைத்துவிட்டேன். உங்கள் கடிதம் வந்ததும் ஒன்றைத் தோண்டிப் பார்த்தேன். பாதிதான் இருந்தது. மீதிப் பாதியை ஒரு மண்புழு எடுத்துக்கொண்டது. அதன் முகவரி வேண்டுமா?

மக்கிப்போகும் பொருளைச் செய்துவிட்டு, மக்காமல் திருப்பிக் கொடு என்று கேட்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

இரண்டாவது. வேறு காரணம் தெரியவில்லை என்கிறீர்கள். வீட்டுக்கு வந்த ஒரு மணி நேரத்தில் எரிகிறதென்றால், வீட்டில் என்ன இருக்கிறதென்று ஒருத்தரும் கேட்கவில்லையா? எங்கள் கடையில் இருபத்தாறு ஜாடி நிறையத் திருக்கை புளித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு மேலே ஒரு பலகைத் தளம் போட்டு, அதன் மேல் நாங்கள் படுத்துக்கொள்கிறோம். இந்தத் தெருவில் பதினேழு கடை. என் வீட்டுக்காரர் தின்னவில்லை, சுவாசிக்கிறார். அதையும் நிறுத்தச் சொல்லி ஒரு பிரிவு போடுங்களேன்.

இன்னும் ஒரு ஜாடி இருக்கிறது, இருபத்தேழாவது. அதில் மீன் கிடையாது, வெறும் வைக்கோல். தினமும் காலையில் மீன் ஜாடியைத் திறப்பதற்கு முன் அந்தக் காலி ஜாடியில் தலையை விட்டு முகர்வேன். அப்போதுதான் இன்றைக்குக் கடை எவ்வளவு நாறுகிறது, தெரு எவ்வளவு நாறுகிறது என்று மூக்குக்குத் தெரியும். அதற்கு மேல் என்ன வாசம் வருகிறதோ அதுதான் மீனுடையது.

கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள் சோம்பேறித்தனத்தில் அதை முகராமல் நேரே மீன் ஜாடியைத் திறந்தேன். பக்கத்துக் கடைக்காரி அன்று தன் ஜாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த நாற்றத்தை என் மீன் தலையில் ஏற்றி, கெட்டுவிட்டதென்று மூன்று ஜாடியை ஆற்றில் கொட்டினேன். என் வீட்டுக்காரர் கரையில் நின்று பார்த்துவிட்டு, "நல்ல மீனைக் கொட்டிட்ட. மூக்கை எப்பக் கொட்டப்போற?" என்றார்.

உங்கள் காலி ஜாடி எங்கே இருக்கிறது டாக்டரம்மா?

மல்சுன் அக்கா


தேஜோன்
செப்டம்பர் 22

மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. மறுநாள் பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்தேன்.

எங்கள் 'காலி ஜாடி' இங்கே தேஜோனில், சுத்தமான காற்று நிரப்பிய ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அறுபத்து நான்கு பேரின் மூச்சையும் அதனுடன்தான் ஒப்பிட்டோம். ஊர்களின் காற்று அப்படியே இருக்காது என்று எங்களுக்கும் தெரியும். அதனால் மே மாதம் ஓர் ஊழியரை அனுப்பி எல்லா ஊர்க் காற்றையும் அளந்தோம். உங்கள் ஊரில் அவர் அளந்தது ஆற்றங்கரையில், கார் நிறுத்தும் இடத்தில். "தெருவுக்குள் செல்ல இயலவில்லை" என்று குறிப்பில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்குக் கீழே என் கையொப்பம் இருக்கிறது. படிக்காமல் போட்டிருக்கிறேன்.

இத்துடன் நூற்று முப்பத்திரண்டு படலங்கள் அனுப்புகிறேன். பதினொரு வீட்டிலும் கட்டிலுக்கு அருகே சுவரில் ஒன்று தொங்க வேண்டும். மூக்குக்குக் கீழே ஒட்டியது காட்டும் எண்ணிலிருந்து சுவரில் இருப்பது காட்டும் எண்ணைக் கழித்து எழுதுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை இரண்டையும் மாற்ற வேண்டும். ஈரம் பட்டால் படலம் குழைந்துவிடும், அரிசி கழுவும் இடத்தில் வைக்காதீர்கள்.

இதை நான் அனுப்புவது எங்கள் குழுத் தலைவருக்குத் தெரியாது. நீக்கப்பட்டவர்களுக்குப் படலம் கொடுக்கக் கூடாது. என் மேசையில் சோதனைக்காக வைத்திருந்தவற்றிலிருந்து எடுத்தேன். இதனால் உங்கள் கணவருக்கு இடம் திரும்பக் கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

மண்புழுவின் முகவரி தேவையில்லை.

சூரியோன்


யோங்சான்போ
அக்டோபர் 11

மேசையிலிருந்து திருடிய தங்கச்சிக்கு,

நீங்கள் அனுப்பிய மீசைகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. நாட்காட்டியின் பின்பக்கத்தில் பதினொரு வரிசை போட்டு எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். மூச்சு இவ்வளவு, சுவர் இவ்வளவு, மீதி இவ்வளவு. கழித்தல் எனக்கு வரும், கடைக்காரி.

பத்துப் பேருக்கு நீங்கள் சொன்ன மாதிரியே, டயாலிசிஸ் முடிந்ததும் இறங்கி மெல்ல ஏறுகிறது. ஒருத்தருக்கு மட்டும் கழித்தும் குதித்தது. முடி வெட்டுகிற க்வாக் அண்ணன். வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

"தின்னியா?"

"இல்ல."

"வாயைத் திற."

"பொறந்தநாளு, மல்சுன். ரெண்டே ரெண்டு துண்டு. டாக்டரம்மாகிட்ட சொல்லிடாத, பேரை அடிச்சிருவாங்க."

சொல்லிவிட்டேன். உங்கள் மீசை மீன் தின்றவனையும் பிடிக்கிறது, தின்னாதவனையும் விடுகிறது. நல்ல மீசைதான்.

இனி நடந்ததைக் கேளுங்கள். பண்டிகை விடுமுறை என்று திங்கட்கிழமை டயாலிசிஸைச் செவ்வாய்க்குத் தள்ளிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்கும் செவ்வாய்க்கும் நடுவே நாலு நாள். ஞாயிறு காலை, சுவரைக் கழித்த பிறகும், இவர் எண் இதுவரை பார்க்காத உயரத்தில் இருந்தது; முகம் ஜனவரியில் விழுந்த அன்று இருந்த மாதிரியே இருந்தது. சோறு வேண்டாம் என்றார், காலில் செருப்பு நுழையவில்லை. டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

சீட்டு எழுதும் பெண் கணினியைப் பார்த்தாள். "பட்டியல்ல இப்ப பேரு இல்லையேம்மா. செவ்வாய்க்கிழமை வாங்க."

"செவ்வாய்க்கிழமை யாரைக் கூட்டிட்டு வர்றது? இவரையா, இவரு படத்தையா?"

"ரத்தம் பாக்கணும்னா டாக்டர் சொல்லணும். அவர் விடுமுறை."

சரி என்று நடுக்கூடத்தில் உட்கார்ந்தேன். பையில் என் அக்கா வீட்டுக்கு எடுத்துவைத்திருந்த பண்டிகைத் திருக்கை இருந்தது. நாற்பது நாள் புளித்தது, எங்கள் கடையிலேயே முதல் தரம். மூடியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டேன். முன்வரிசை எழுந்து போயிற்று. பிறகு இரண்டாவது வரிசை. ஒரு கிழவர் மட்டும் கிட்டே வந்து, "எனக்கு ஒரு துண்டு" என்று கை நீட்டினார்.

தலைமை நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். "என்னம்மா இது!"

"மதியச் சாப்பாடு."

"இங்க தொறக்கக் கூடாது!"

"ரத்தம் எடுத்துப் பாருங்க, மூடிடறேன்."

எடுத்தாள். பார்த்தாள். சக்கர நாற்காலியை அவளே தள்ளிக்கொண்டு போனாள். இரண்டு மணி நேரம் கழித்து இளைய டாக்டர் ஒருவர் வந்து, "செவ்வாய் வரைக்கும் தாங்கியிருக்காது. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார். என் மூக்குக்குத் தெரிந்தது என்று சொல்லிவிட்டேன். உங்கள் பேரைச் சொல்லவில்லை.

இவர் இப்போது நன்றாக இருக்கிறார். என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வெட்கமாக இருக்கிறதாம்.

மல்சுன் அக்கா


தேஜோன்
அக்டோபர் 16

அக்கா,

சாங்தே அண்ணன் நலம் என்று படித்த பிறகுதான் மற்ற வரிகளைப் படித்தேன்.

நீங்கள் என் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி புகார் எழுதிவிட்டது. நீக்கப்பட்டவரின் முகத்தில் படலம் எப்படி வந்தது என்று கேட்டார்கள். நான்தான் என்றேன்.

உங்கள் நாட்காட்டியைக் குழுத் தலைவர் முன் விரித்தேன். அவர் கெட்டவர் இல்லை. நெடுநேரம் பார்த்தார். "கணக்கு சரியாத்தான் இருக்கு. ஆனா ஒருத்தருக்கு ரெண்டு படலம்னா கம்பெனி ஒத்துக்காது. ஒண்ணு போதும்னு சொல்லித்தானே நாம வித்தோம்" என்றார். பணம் போடும் நிறுவனத்துக்கு யோங்சான்போவே தேவையில்லை. அந்த ஊரை விட்டுவிட்டால் அறிக்கை அழகாக இருக்கிறது.

அறிக்கையை என் மேசையில் வைத்திருக்கிறார்கள். "பதினொரு பங்கேற்பாளர்கள் உணவு விதியை மீறியதால் நீக்கப்பட்டனர்" என்று ஒரு வரி. அளவீடுகளுக்குப் பொறுப்பாளர் நான் என்பதால் கையெழுத்து என்னுடையது. போட்டால் அடுத்த கட்டம் தொடங்கும், என் ஒப்பந்தம் மூன்று வருடம் நீளும். போடாவிட்டால் டிசம்பரில் முடிகிறது.

இந்தப் படலத்துக்காக ஒன்பது வருடம் நண்டு ஓடு அரைத்திருக்கிறேன். பலருக்கு இது உதவும். மற்ற ஐம்பத்து மூன்று பேருக்கு இப்போதே உதவுகிறது. அவர்களை நினைத்துப் போட்டுவிடலாமா என்று நினைக்கிறேன். அப்படி நினைப்பதை உங்களிடம் மறைக்கவும் முடியவில்லை.

என்னிடம் திறந்து வைக்க உங்களைப் போல டப்பா ஒன்றும் இல்லை.

சூரியோன்


யோங்சான்போ
அக்டோபர் 20

தங்கச்சிக்கு,

போடு என்றும் சொல்ல மாட்டேன், போடாதே என்றும் சொல்ல மாட்டேன். உன் சோறு உன் கிண்ணத்தில். ஒன்று மட்டும் சொல்கிறேன்: நீ கையெழுத்துப் போட்டாலும் நாங்கள் குழு முன் வந்து இல்லை என்போம். பிறகு மல்சுன் அக்கா முதுகில் குத்தினாள் என்று அழக்கூடாது, முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.

முப்பதாம் தேதி வியாழக்கிழமை. டயாலிசிஸ் இல்லாத நாள். பதினொரு பேரும் நானும் பஸ் பேசிவிட்டோம். பங்கேற்பாளர் நேரில் வந்து பேசலாம் என்று உங்கள் கையேட்டில் இருபதாம் பக்கம் சொல்கிறது. நீங்கள் அச்சடித்ததை எல்லாம் படிக்கிற ஒரே ஆள் நான்தான் போலிருக்கிறது.

க்வாக் அண்ணன் வர மாட்டேன் என்றார். "நான் வந்தா எல்லார் பேரும் கெட்டுரும்." "நீ வந்து தின்னேன்னு சொன்னாத்தான் மத்தவங்க தின்னலன்னு நம்புவாங்க" என்றேன். சட்டை இஸ்திரி போடக் கொடுத்திருக்கிறார்.

என் வீட்டுக்காரர் குளித்துவிட்டுப் போகலாம் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். கடையில் ஆணியில் மாட்டியிருக்கும் மேல்சட்டைகளைத்தான் எல்லோரும் போட்டுக்கொண்டு வருகிறோம். உங்கள் ஆள் தெருவுக்குள் வரவில்லை அல்லவா. தெரு வருகிறது.

மல்சுன் அக்கா


தேஜோன்
நவம்பர் 3

அக்கா,

நீங்கள் பஸ் ஏறிய பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். நீங்கள் இருந்தபோது நடந்ததையும் எழுதி வைக்கிறேன், ஏனென்றால் குழுவின் குறிப்பேட்டில் அதை "காற்றோட்டக் கோளாறு" என்று இரண்டே சொல்லில் முடித்திருக்கிறார்கள்.

பன்னிரண்டு மேல்சட்டைகள் உள்ளே வந்ததும் ஒருவர் சன்னலைத் திறக்க எழுந்தார். நீங்கள், "தொறக்காதீங்க. மொதல்ல மீசைய ஒட்டுங்க" என்றீர்கள். நான் எங்கள் குழுத் தலைவரின் மூக்குக்குக் கீழே ஒரு படலத்தை ஒட்டி, இன்னொன்றைச் சுவரில் தொங்கவிட்டேன். இருபது நிமிடம் க்வாக் அண்ணன் எழுந்து நின்று தன் பிறந்தநாளைப் பற்றிப் பேசினார். அதற்குள் தலைவரின் பொத்தானில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஐயோ பாவம்" என்றீர்கள் நீங்கள். "ரெண்டு கிட்னியும் போச்சு. இல்ல, காலைல திருக்கை தின்னீங்களா?"

அவர் வாழ்நாளில் திருக்கை தின்றதில்லை என்றார். அப்போதுதான் சுவரில் இருந்ததன் எண்ணைக் கழித்துக் காட்டினேன். மீதி ஏறக்குறைய பூஜ்யம்.

அறிக்கையில் அந்த வரியை அடித்துவிட்டு, "பத்துப் பேர் விதியை மீறவில்லை. ஒப்பீட்டுப் படலத்தை அவர்கள் வீட்டில் வைக்காதது எங்கள் தவறு. தவறியவர் ஹான் சூரியோன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எல்லோரும் பார்க்க.

நீங்கள் பஸ் ஏறிய பிறகு பணம் போடும் நிறுவனம் விலகிவிட்டது. ஆராய்ச்சிக்கூடம் தன் செலவில் பிப்ரவரி வரை சோதனையைத் தொடரும், இரண்டு படலங்களுடன். அதுவரை நானும் இருப்பேன். அதன்பிறகு தெரியவில்லை. பயம் இருக்கிறது, வருத்தம் இல்லை.

பத்துப் பேரும் மீண்டும் சேர்க்கப்படுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைப் படுக்கையும் உண்டு. க்வாக் அண்ணனை மட்டும் சேர்க்க மறுத்துவிட்டார்கள், ஏழாவது பிரிவை மீறியதற்காக. நான் வாதாடினேன், முடியவில்லை. பத்துப் படிவங்களும் புதுப் படலங்களும் இத்துடன் இருக்கின்றன. கையெழுத்து வாங்கி அனுப்புங்கள்.

சூரியோன்


யோங்சான்போ
நவம்பர் 6

தங்கச்சிக்கு,

படிவங்கள் வந்தன. எல்லோரையும் கடையில் கூட்டி உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். யாரும் பேனாவை எடுக்கவில்லை. க்வாக் அண்ணன் வாசல் பக்கம் நின்றுகொண்டு, "போடுங்கப்பா, நான் பண்ணுனதுக்கு நான்தானே" என்றார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் நாலு வருடமாக என்ன சொன்னாலும் தலையாட்டுகிற மனிதர். ஊசி போட்டாலும் சரி, தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னாலும் சரி. அவர்தான் என்னிடம் சிவப்புப் பேனா கேட்டார். "அந்த ஏழாவதுதான் அவனைப் பொய் சொல்ல வெச்சுது. தின்னா பேரை அடிப்பேன்னு சொன்னா எவன் சொல்லுவான்? அந்தாளு பயந்துக்கிட்டு சொல்லாம இருந்து, எண்ணு ஏறுறது மீனாலயா கிட்னியாலயான்னு தெரியாம செத்தா, அது உங்க எந்தப் பிரிவுல வரும்?" என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை, உங்களைக் கேட்டார்.

பிறகு ஏழாவது பிரிவை அடித்தார். "புளித்த திருக்கை உண்ண மாட்டேன்" என்றிருந்ததற்கு மேலே "தின்றால் அன்றே சொல்லுவேன்" என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். மற்ற ஒன்பது பேரும் அப்படியே அடித்து, எழுதி, போட்டார்கள். பதினொன்றாவது படிவம் நீங்கள் அனுப்பவில்லை. நானே பார்த்துப் பார்த்துக் கையால் எழுதினேன், உங்கள் முத்திரையைக்கூட வரைந்தேன், வாத்து மாதிரி வந்துவிட்டது. அதில் க்வாக் அண்ணன் கையெழுத்து இருக்கிறது.

பதினொன்றையும் ஒரே நூலில் தைத்து அனுப்புகிறேன். ஒன்றைப் பிரித்தால் எல்லாம் கிழியும். குழுவில் கொடு. முடியாது என்றால், அவர்களே எங்கள் தெருவுக்குள் வந்து பதினொரு வீட்டுச் சுவரிலிருந்தும் மீசையைப் பிய்த்துக்கொண்டு போகட்டும். வழி காட்டுகிறேன்.

உன் வேலையைப் பற்றி நான் ஒன்றும் ஆறுதல் சொல்லப் போவதில்லை. போனால் எனக்குக் கோபம் வரும், வரட்டும்.

இவர் எண் நேற்றிலிருந்து மெல்ல ஏறுகிறது. சுவரைக் கழித்துத்தான் சொல்கிறேன். நாளை வெள்ளிக்கிழமை, முறை நாள். அதற்குப் பிறகும் ஏறினால் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் இருப்போம், குழு என்ன சொன்னாலும். படுக்கை விரிப்பை மாற்றி வைக்கச் சொல்.

மல்சுன் அக்கா